எங்கள் நகரில் ஒரு கல்வெட்டு

2021 ஆகஸ்டில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சொத்துகள் முறைப்படி என்னிடம் ஒப்படைக்கப்பட்டன. ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று. காய்ந்துபோன மை பேட் ஒன்று. மினிட்ஸ் புத்தகம் மூன்று. தெருக்குழாய் வால்வைத் திருப்புகிற, இடுப்பு உயரத்துக்கு நீண்ட இரும்புச் சாவி ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஏட்டில் 84 இருந்தன, எண்ணிப் பார்த்தால் 71, உட்கார்ந்து பார்த்தால் 66. அப்புறம், பூட்டு இருந்தும் சாவி இல்லாத ஒரு தகர டிரங்குப் பெட்டி.

இதெல்லாம் என்னிடம் வந்ததற்குக் காரணம் அந்த நாற்காலிகள்தான். அம்மாவின் காரியத்துக்காகச் சங்கத்திலிருந்து 20 நாற்காலி எடுத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கப் போன ஞாயிற்றுக்கிழமை அங்கே பொதுக்குழு நடந்துகொண்டிருந்தது. நாற்காலிகளை வரிசையாக அடுக்கி, "இருபது இருக்கு சார், எண்ணிக்கோங்க" என்றேன். அப்போது செயலாளராக இருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எங்களுக்கு எச்.எம். சார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பதினஞ்சு வருஷத்துல, எடுத்த நாற்காலிய எண்ணிக் கொண்டாந்து வெச்ச மொத ஆளு நீங்கதான்" என்றார். பத்து நிமிடத்தில் நான் செயலாளர். முன்மொழிந்தவரும் அவர்தான், வழிமொழிந்தவரும் கிட்டத்தட்ட அவர்தான்.

எங்கள் நகர் வேலூரில், சத்துவாச்சாரியின் ஓரத்தில் இருக்கிறது. 4 தெரு, 112 வீடு. தெற்கே மலை, வடக்கே பாலாறு, இடையில் சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஓடுகிற நெடுஞ்சாலை. வேலூரைப் பற்றி ஊரே சொல்லும் பழைய கிண்டல் உங்களுக்கும் தெரிந்திருக்கும். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இதில் கடைசி ஒன்று 1981-லேயே காலாவதியாகிவிட்டது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல காலமாக மூலவர் கிடையாது. அந்த லிங்கம் சத்துவாச்சாரியில்தான் வைக்கப்பட்டிருந்தது. 1981 மார்ச்சில் மறுபடியும் கோட்டைக்குக் கொண்டுபோய்ப் பிரதிஷ்டை செய்தார்கள். சாமியையே பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்த ஊர் நாங்கள். அப்படிப்பட்ட நாங்கள் எதைத் தொலைத்தோம் என்பதுதான் இந்தக் கதை.

டிரங்குப் பெட்டியின் பூட்டைச் சுத்தியலால் தட்டித் திறந்தேன். உள்ளே பாச்சை உருண்டை வாசனையோடு ஒரே கோப்பு, மூன்று விரல்கடை தடிமன். நீதிமன்றக் கட்டுபோலச் சிவப்பு நாடா சுற்றியிருந்தது. அன்று இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் ஒன்றரை மணி வரை படித்தேன். அதைப் படித்திராவிட்டால் நாற்காலிகளோடு அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டிருப்பேன்.

முதல் மனு 1990 பிப்ரவரியில் எழுதியது. பெறுநர்: 'உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், வேலூர்'. வட ஆற்காடு என்ற பெரிய மாவட்டத்தை 1989 செப்டம்பரில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி திருவண்ணாமலை சம்புவராயர், மறு பாதி இது. அந்தப் புது மாவட்டத்துக்கு ஆறு மாதம்கூட ஆகாதபோது எங்கள் ஆட்கள் மனுவோடு போய் நின்றிருக்கிறார்கள். கோப்பைப் புரட்டப் புரட்டப் பெறுநர் முகவரி மாறுகிறது. 90களின் பிற்பாதியில் 'வேலூர் மாவட்டம்' ஆகிறது. 2008-இல் வேலூர் மாநகராட்சி ஆனது. 2011-இல் சத்துவாச்சாரி நகராட்சி அதோடு சேர்க்கப்பட்டது. அதிலிருந்து 'மாநகராட்சி ஆணையர் அவர்கள்'. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் போய்விட, வேலூர் மாவட்டம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது. முகவரிதான் இத்தனை முறை மாறியது. 'விஷயம்' என்று போட்டு அடிக்கோடிட்ட வரியில் முக்கால்வாசி மனுக்களில் ஒரே சொல்: மழைநீர்.

அதற்கு எங்கள் மலைதான் காரணம். மரமில்லாத மலை என்று கிண்டல் செய்துவிட்டு நகர்ந்துவிடலாம், அடிவாரத்தில் குடியிருக்கிறவனுக்கு அது கிண்டல் இல்லை. மரமும் மண்ணும் இருந்தால் மழையில் பாதியை மலையே குடித்துவிட்டு மீதியை நிதானமாக அனுப்பும். வெறும் பாறையில் விழுகிற மழை சரிவில் உருண்டு அரை மணி நேரத்தில் அடிவாரத்துக்கு வந்துவிடும். அது பாலாற்றுக்குப் போயாக வேண்டும், போகிற வழியில் எங்கள் இரண்டாவது தெரு குறுக்கே படுத்திருக்கிறது. தெருவுக்கு அடியில் வழி விட்டால் போகும், இல்லாவிட்டால் வீட்டுக்குள் வரும்.

எனவே 1990-இல் கேட்டது, தெருவுக்குக் குறுக்கே ஒரு கல்வெட்டு. இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் சாலைக்கு அடியில் தண்ணீர் போக வைக்கும் குழாய்ப் பாலத்தைக் கல்வெட்டு என்றுதான் சொல்வோம். கல்வர்ட் என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் புகுந்து, ஏற்கெனவே நம்மிடம் இருந்த ஒரு நல்ல சொல்லின் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டது. முதல் மனுவிலும் 'கல்வெட்டு அமைத்துத் தர வேண்டி' என்றே தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஓரத்தில் யாரோ ஒரு தமிழாசிரியர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: 'கல்வெட்டு அன்று, சிறுபாலம்'. அடுத்த மனுவிலிருந்து சிறுபாலம்தான். நல்ல சங்கத்துக்கு ஒரு தமிழாசிரியராவது வேண்டும்.

நான்கு வருட அலைச்சலுக்குப் பிறகு 1994-இல் சிறுபாலம் வந்தது. இரண்டு அடி விட்டத்தில் இரண்டு சிமெண்ட் குழாய். மினிட்ஸ் புத்தகத்தில் இதற்கு நான்கு வரி. அதற்குப் பின்னால் மூன்று பக்கத்துக்கு ஒரு சண்டை பதிவாகியிருக்கிறது. சிறுபாலத்தின் பக்கத்தில் ஒரு திறப்புக் கல் நட வேண்டும், அதில் யார் பெயர் முதலில் என்பதுதான் சண்டை. தலைவர் பெயரா, அலைந்த செயலாளர் பெயரா, கல்லுக்குப் பணம் கொடுத்த பொருளாளர் பெயரா? பொருளாளர் வெளிநடப்பு செய்திருக்கிறார். கடைசியில் அகர வரிசை என்று முடிவானது, அதில் பொருளாளர் பெயரே முதலில் வந்தது. ஆக, கல்வெட்டுக்கே ஒரு கல்வெட்டு.

கோப்பின் நடுவில் மடித்து வைத்த ஒரு வரைபடம். எங்கள் நகரில் அப்போது ஒரு ட்ராயிங் மாஸ்டர் குடியிருந்தார் போலிருக்கிறது. அவர் கையால் பேனா மையில் வரைந்து, தெருக்களுக்கு வண்ணம் தீட்டி, வடக்குத் திசைக்கு ஒரு மயில்கூடப் போட்டிருந்தார். சிறுபாலம் இருக்கும் இடத்தில் எழுத்து: 'வேப்பமரத்திலிருந்து கிழக்கே 14 அடி'. அழகாக இருக்கிறதே என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை. கோப்பை மறுபடி நாடா சுற்றி வைத்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் நவம்பர் வந்தது.

2021 நவம்பர் மழையை வேலூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். பாலாற்றில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடியது. தண்ணீர் இல்லாத ஆறு என்று சொல்லியே வளர்ந்த பிள்ளைகள் பாலத்தின்மேல் நின்று செல்ஃபி எடுத்தார்கள், நானும்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கோட்டை அகழி நிரம்பி, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் வந்து நின்றது. பெயருக்கேற்ற கோலம்தான், ஆனால் அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்துபோனது அதே நாட்களில்.

எங்கள் இரண்டாவது தெருவில் தண்ணீர் முழங்கால் அளவு. வீட்டுக்குள் கணுக்காலுக்கு மேல். மழை விட்ட பிறகும் அது இறங்கவில்லை, சாக்கடையும் கலந்துவிட்டதால் நாற்றம் வேறு. மாநகராட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டோம். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். இயந்திரமெல்லாம் கன்சால்பேட்டைப் பக்கம் போயிருக்கிறது, அங்கே நிலைமை இதைவிட மோசம் என்றார். மறுக்க முடியாது. நிக்கல்சன் கால்வாய் பொங்கினால் அந்தப் பக்கத்து மக்கள் முதலில் பாத்திரத்தைத்தான் பரண்மேல் ஏற்றுவார்கள், எங்கள் அவதி அதற்குக் கால் தூசி.

அப்போதுதான் எனக்கு மயில் போட்ட வரைபடம் ஞாபகம் வந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். எச்.எம். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தார். வரைபடத்தைப் பார்த்தவர், "அட, ஆமாம்ல!" என்றார். அந்த 'ஆமாம்ல' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது தெருவில் முப்பது வருடமாக வீடு வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே நின்றிருந்தோம். காலுக்கு அடியில் சிறுபாலம் இருப்பது ஒருவருக்கும் நினைவில்லை.

எப்படிப் புதைந்தது? யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, எங்களை நாங்களே சொல்லிக்கொள்ளலாம். 1994-க்குப் பிறகு தெருவுக்கு மூன்று முறை தார் போட்டாயிற்று. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே அடுத்தது. என் வீட்டு வாசலுக்கு மூன்று படி இருந்தது, இப்போது ஒன்று. சாலை உயர உயர, கார் ஏற்றுவதற்கு வாசலில் சறுக்கு போட்டோம். சிறுபாலத்தின் இரண்டு வாயும் இரண்டு வீட்டுச் சறுக்குக்கு அடியில் போய்விட்டன. நடுவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடினார்கள், அந்தக் கலாட்டாவில் திறப்புக் கல்லையும் யாரோ பிடுங்கிப் போட்டார்கள். ஒருவரும் சிறுபாலத்தை அழிக்கவில்லை. அவரவர் வாசலை மட்டும் சரி செய்துகொண்டோம்.

சரி, தோண்டுவோம் என்று இறங்கினோம். கிழக்கே 14 அடி. எதிலிருந்து? வேப்பமரத்திலிருந்து. வேப்பமரம் எங்கே?

மரத்தை வெட்டி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று வெட்டியதாக ஒருவர் சொன்னார். இல்லை, காற்றில் சாய்ந்தது என்றார் இன்னொருவர். எங்கே இருந்தது என்பதில் நான்கு பேருக்கு நான்கு இடம். எச்.எம். சார் தன் வீட்டு எதிரில்தான் என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்ன இடத்தில் இரண்டு கொத்தனார் பையன்கள் கடப்பாரையால் தார்ச்சாலையைப் பெயர்த்து முக்கால் மணி நேரம் தோண்டினார்கள். கல்லும் மண்ணும்தான் வந்தது.

தெருமுனையில் இட்லி விற்கும் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் பக்கம் நடந்து வந்தார். பிள்ளைகளுக்கு அவர் இட்லி ஆயா. நான்காவது தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறையில் இருபத்தாறு வருடமாக வாடகைக்கு இருக்கிறார். கரி படிந்த அலுமினிய இட்லிப் பானை, எப்போதும் இரண்டு சட்னி, ஞாயிறு மட்டும் வடகறி.

"இன்னா சார், எல்லாரும் சேந்து பொதையல் தேடிக்கினு கீறீங்களா?"

"கல்வெட்டும்மா. தண்ணி போறதுக்குப் போட்ட கல்வெட்டு. வேப்பமரத்தாண்ட இருந்துச்சாம்."

"அதுக்கு ஏன் சார் அங்க நோண்டறீங்கோ? மரம் இங்க இல்ல இருந்துச்சி?"

எச்.எம். சார் கேட்டார், "உனக்கு எப்படிம்மா அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?"

"மொதல்ல கட போட்டதே அந்த மரத்துக்கு அடியிலதான் சார். காலைல ஏழு மணிக்கு இந்தக் கம்பத்து நெழலு என் பானமேல உழும். மழ பேஞ்சா காலுக்குக் கீழ கொடகொடன்னு தண்ணி சத்தம் போட்டுக்கினு ஓடும். சத்தம் தோ, இங்க வரும்." அவர் தண்ணீரில் நான்கைந்து எட்டு வைத்து ஓரிடத்தில் நின்றார். "இங்க தோண்டு நைனா."

பையன் தோண்டினான். மூன்றடி ஆழத்தில் கடப்பாரை 'ணங்' என்றது. குழாயின் தலை. இரண்டு பக்கச் சறுக்கையும் இடிக்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொருவர் இன்று வரை என்னோடு பேசுவதில்லை. குழாய்க்குள்ளிருந்து மண், மட்டை, பால் கவர், தேங்காய்ச் சிரட்டை, பள்ளிக்கூடப் பை ஒன்று, ஒற்றைச் செருப்பு பல. ஒரு குழாய் திறந்ததுமே தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. கொடகொட என்பது சரியான சொல்தான். இருட்டுவதற்குள் தெரு காலி.

மறுவாரம் திறப்புக் கல்லையும் கண்டுபிடித்தோம். இஸ்திரி வண்டியின் சக்கரம் நகராமலிருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெயர்கள் எல்லாம் வெளியே தெரியும்படிதான் கிடந்தது, பொருளாளர் பெயர் மட்டும் சக்கரத்துக்கு அடியில்.

டிசம்பர் செயற்குழுவில் ஒரு யோசனை சொன்னேன். இட்லி அம்மாவைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வோம். வருடச் சந்தா 50 ரூபாய்தானே, முதல் வருடச் சந்தாவை நானே கட்டுகிறேன். எல்லாரும் சிரித்துத் தலையாட்டினார்கள். பொருளாளர் மட்டும் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். இப்போதைய பொருளாளர் கூட்டுறவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், காற்புள்ளியைக்கூட விடமாட்டார். "சார், விதி 4. 'நகரின் எல்லைக்குள் சொந்த வீடு அல்லது மனை உடையவர் எவரும் உறுப்பினராகலாம்.' அவங்க வாடகைக்கு இருக்காங்க."

எங்கள் சங்கத்தின் பெயர் குடியிருப்போர் நலச் சங்கம். குடியிருப்போர் என்றால் குடியிருக்கிறவர்கள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அது வீட்டுச் சொந்தக்காரர் சங்கம். அன்றே கணக்கெடுத்துப் பார்த்தேன். 112 வீட்டில் சொந்தக்காரர் குடியிருப்பது 58. மீதி வீடுகளிலும், சொந்தக்காரர் வீட்டு மாடிகளிலும் பின்கட்டுகளிலும் வாடகைக் குடும்பங்கள் 83. தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள், மருத்துவமனை நர்ஸுகள், கல்லூரிப் பிள்ளைகள், ஆம்பூர் பக்கமிருந்து வந்த தோல் தொழிலாளர்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு பத்து வருடமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலிமனைக்காரருக்கு ஓட்டு உண்டு. இரவுக் காவலாளிக்கு மாதம் 100 ரூபாய் கொடுக்கிற வாடகைக் குடும்பத்துக்கு ஓட்டு கிடையாது. காசு வாங்கும்போது மட்டும் எல்லாரும் குடியிருப்போர்.

இந்த எண்ணம் மண்டைக்குள் ஏறிய பிறகு எதைப் பார்த்தாலும் இதுவே தெரிந்தது. 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. என் வீடு 50-இல் வந்தது. சங்கம் கூடிக் கண்டனத் தீர்மானம் போட்டது, நான்தான் எழுதினேன். அதே மாதத்தில் எங்கள் நகரில் வாடகைகளும் உயர்ந்தன, வரியைவிடக் கொஞ்சம் தாராளமாகவே. அதற்கு யாரும் தீர்மானம் போடவில்லை. போடச் சொல்லி நானும் கேட்கவில்லை, என் மாடியிலும் ஒரு குடும்பம் இருக்கிறது.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு, மேட்டூர் பக்கமிருந்து குழாயில் வரும் காவிரியைக் குடிக்கிறவர்கள் நாங்கள். தண்ணீர் வரும் நாளில் வீட்டுக்காரர் தொட்டி நிரம்பிய பிறகுதான் பின்கட்டுக் குழாய்க்கு முறை. வால்வுச் சாவி என்னிடம் இருக்கிறது. தெருவுக்குத் தெரு நியாயமாகப் பிரித்துவிட என்னால் முடியும். வீட்டுக்குள் இருக்கும் வால்வுக்கு எந்தச் சங்கத்திடமும் சாவி இல்லை.

தெருநாய் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் நகர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நாய்களுக்குக் கருத்தடை செய்து அதே இடத்தில் விட வேண்டும், சோறு வைக்கும் இடத்தைக் குடியிருப்போர் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2023-இல் வந்த மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. காதில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய். இதற்கு மூன்று கூட்டம் போட்டோம். தனியாக ஓர் இடம் வேண்டும் என்பதில் ஒருமித்த கருத்து. அது அடுத்தவர் வாசலாக இருக்க வேண்டும் என்பதிலும் ஒருமித்த கருத்து. கடைசியில், கூட்டத்துக்கு வராத அந்தச் சென்னைக்காரரின் காலிமனை தேர்வானது. அவருடைய ஓட்டு சங்கத்துக்குப் பயன்பட்டதோ இல்லையோ, மனை பயன்பட்டது.

2022 நவம்பர் 1-ஆம் தேதியைத்தான் நான் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும். 2016-இல் நகர உள்ளாட்சிகளின் காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி தேர்தல் வரை எங்களுக்குக் கவுன்சிலர் என்று யாருமே கிடையாது. ஐந்து வருடத்துக்கு மேல். விளக்கு எரியவில்லையா, குப்பை வண்டி வரவில்லையா, சங்கத்தைக் கேள். அந்த வருடங்களில்தான் சங்கத்துக்கு மவுசு கூடியது, கூடவே கொஞ்சம் தலைக்கனமும். தேர்தல் முடிந்த அந்த வருடம் நவம்பர் முதல் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முதலாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி, வார்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். சொந்த வீடா வாடகையா என்று கேட்பதில்லை.

எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு நாற்காலி கொடுத்தது சங்கம். அதனால் முன்வரிசை எங்களுக்கு என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். எச்.எம். சார் நான்கு பக்க மனு எழுதி வந்திருந்தார். பின்னால் நின்ற இட்லி அம்மா கையைத் தூக்கினார். "தோண்டுன கல்வெட்ட மறுபடி மூடாம பாத்துக்கணும் சார். ரெண்டு பக்கமும் கம்பி ஜன்னல் மாதிரி போட்டா மட்ட உள்ள போவாது." பேசியது அரை நிமிடம் இருக்கும். எழுதிக்கொண்டார்கள். அடுத்த மழைக்கு முன்னால் கம்பித் தடுப்பு வந்துவிட்டது. எங்கள் நான்கு பக்க மனு வழக்கம்போலக் கோப்பில் சேர்ந்தது. நகல் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

சங்கங்களைக் குறைவாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கோப்பு இல்லாமல் அங்கே ஒரு குழாய் இருப்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது. மனு எழுதுகிறவன், நகல் எடுத்து வைக்கிறவன், மயில் வரைகிறவன் எல்லாரும் வேண்டும். ஆனால் அந்த வரைபடத்தில் 14 அடி மட்டும்தான் இருந்தது. எங்கிருந்து 14 அடி என்பது விதி 4-க்கு வெளியே இட்லி விற்றுக்கொண்டிருந்தது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி நிர்வாகிகளின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது. என் முறை 2024 ஆகஸ்டில் முடிய இருந்தது. போவதற்கு முன் விதி 4-ஐத் திருத்திவிட வேண்டும் என்று இறங்கினேன். 'சொந்த வீடு அல்லது மனை உடையவர்' என்பதற்குப் பதில் 'நகரின் எல்லைக்குள் ஓராண்டுக்கு மேல் குடியிருப்பவர் அல்லது சொந்த வீடு, மனை உடையவர்'. விதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். வீடு வீடாகப் போனேன். பாதிப் பேர், "நல்லதுதான் சார், செய்யுங்க" என்றார்கள். அவசரப்பட்டு இட்லி அம்மாவிடம் 50 ரூபாய் வாங்கி ரசீதும் கிழித்துக் கொடுத்துவிட்டேன். இந்த முறை சந்தாவை நான் கட்டுவதாகச் சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை.

அந்த ஞாயிறு 46 பேர் வந்தார்கள். மழை நீர் வந்த நாளுக்குப் பிறகு அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை, அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். ஒருவர் எழுந்தார். வாடகைக்காரர் எண்ணிக்கை நம்மைவிட அதிகம், நாளைக்கு அவர்களே தலைவர், செயலாளர் என்று ஆகிவிட்டால்? இன்னொருவர், இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குக் காலி செய்வார்கள், பொறுப்பு எப்படி வரும் என்றார். இருபத்தாறு வருடமாக ஒரே அறையில் இருப்பவரைப் பற்றி நான் சொன்னேன். "அவங்க ஒருத்தருக்குன்னா நானே கை தூக்கறேன்" என்றார் அவர். எச்.எம். சார் எனக்கு ஆதரவாகப் பேசினார். அன்று அவர் வீட்டு எதிரில் தவறான இடத்தில் தோண்டிய கதையைத் தானே சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஓட்டுப் போட்டார்கள்.

35 கை தேவை. 32 உயர்ந்தது.

மறுநாள் காலை 50 ரூபாயை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். விஷயம் எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இட்லியை வாழையிலையில் கட்டிக்கொண்டே, "வெச்சிக்கோ சார்" என்றார்.

"இல்லம்மா, ரசீது செல்லாது. திருப்பிக் குடுத்துத்தான் ஆகணும்."

"வர்ற வெள்ளிக்கெழம பேத்திக்குக் காது குத்தறோம். இருவது சேரு வோணும். வாடகைல கழிச்சிக்கோ."

உறுப்பினருக்கு நாற்காலி இலவசம். மற்றவர்களுக்கு ஒன்றுக்கு 5 ரூபாய். 20 நாற்காலிக்கு 100. கணக்குப்படி இன்னும் 50 வர வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் நானும் இஸ்திரிக்காரரும் தள்ளுவண்டியில் நாற்காலிகளைக் கொண்டுபோய் இறக்கினோம். சனிக்கிழமை இட்லி அம்மாவின் பேரன் 20-ஐயும் எண்ணி என் வாசலில் அடுக்கிவிட்டுப் போனான், மேலே ஒரு தூக்கில் கேசரி.

ஞாயிறு ராத்திரி பொருளாளர் போன் செய்தார். ஏட்டில் நாற்காலி வெளியே போனதாகவும் வந்ததாகவும் என் கையெழுத்து இருக்கிறதாம், பணம் வந்ததாக இல்லையாம். "எந்தத் தலைப்புல எழுதறது சார்? உறுப்பினரா, வெளியாளா?"

தூக்கு இன்னும் சமையலறையில் இருந்தது. கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலையில் சொல்கிறேன் என்றேன்.